கீழ்த்தட்டு எலிகள்

பெய்ஜிங், 12 அக்டோபர் 2009

மதிப்புக்குரிய பாய் ஷூயிங் அக்காவுக்கு,

கெங் தாவோ எழுதுவது. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கடைசி வருடம் இருந்தபோது முதல் வருடம் சேர்ந்தவன். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் அக்கா, தம்பி என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். நீங்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகு அந்த உறவு செல்லுமா தெரியவில்லை. செல்லும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மின்னஞ்சலில் எழுதாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். கூடத்துக் கணினிகளின் கடவுச்சொற்கள் எல்லாம் இன்னும் முதலாளியிடம்தான் இருக்கின்றன. பேராசிரியரை முதலாளி என்று கூப்பிடும் பழக்கமும் மாறவில்லை.

முடக்குவாதத் தடுப்பூசியை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி வந்துவிட்டது. இருபத்து நான்கு நோயாளிகள். முதல் ஊசி ஜனவரி 11. அதற்கு முன் உங்கள் 2007ஆம் வருட எலிச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து காட்டும்படி பரிசீலனைக் குழு கேட்டது. அந்த வேலை எனக்கு வந்தது. மூன்று தடவை செய்துவிட்டேன். அதே வளைய டி.என்.ஏ., அதே கோழிக் கொலாஜன் மரபணு, அதே அளவு, அதே தொடைத் தசை. உங்கள் எலிகளின் வீக்க மதிப்பெண் பதினொன்றிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. என்னுடையவை பதினொன்றிலேயே நிற்கின்றன. இரண்டு எலிகளுக்கு அதிகமாகிவிட்டது.

உங்கள் கைப்பட எழுதிய சோதனை நோட்டை அனுப்ப முடியுமா? அச்சில் வராத ஏதாவது அதில் இருக்கலாம்.

எலி வீட்டுச் சின் அத்தை உங்களைக் கேட்டார். விரல்கள் மிகவும் கோணிவிட்டன. கூண்டு தூக்க முடியாமல் போன வருடமே வாசல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பட்டியலில் ஏழாவது பெயர் அவருடையது. ஊசிக்கு முன் பத்து வாரம் வேறு எந்த மருந்தும் தொடக்கூடாது என்பதால் இந்த மாதக் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறார்.

பணிவுடன்,
கெங் தாவோ

*

தாய்னிங், ஃபூஜியன், 21 அக்டோபர் 2009

தாவோ,

கடிதத்தை எழுதியது நீயா, முதலாளி சொல்லச் சொல்ல எழுதினாயா? 'மதிப்புக்குரிய', 'பணிவுடன்' எல்லாம் உன் கை வழக்கமில்லை. நீ எனக்கு எழுதிய ஒரே பழைய சீட்டு 'அக்கா, எலி கடிச்சிருச்சு, மருந்து எங்க' என்பது.

என் நோட்டு எதற்கு இப்போது? நாலு வருடம் நான் எலிப் புழுக்கை நாற்றத்தில் கிடந்து செய்த வேலை. கட்டுரை வந்தபோது முதல் பெயர் முதலாளியின் மருமகனுடையது. என் பெயர் நாலாவது. கேட்டதற்கு, 'பொம்பளப் பிள்ள, கல்யாணமாகிப் போகப்போற, உனக்கு எதுக்கு வரிசை' என்றார். அன்றைக்குத்தான் கதவைச் சாத்தினேன். சத்தம் கேட்கவேண்டும் என்றேதான் சாத்தினேன். இன்றைக்கு ஏதோ கோளாறு என்றதும் நாலாவது பெயருக்குக் கடிதம் வருகிறது. பழியைப் போட ஒரு ஆள் வேண்டும் என்றால் நேராகச் சொல்லிவிடலாமே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ டி.என்.ஏ. குப்பியை உறையவிட்டு உருக்கி, மறுபடி உறையவிட்டு உருக்கியிருப்பாய். முதல் வருடத்தில் இரண்டு முறை அப்படிச் செய்து என்னிடம் திட்டு வாங்கினாய். முதலில் அதைப் பார்.

இங்கே மாவட்ட மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறேன். யாரும் என் பெயரை எந்த வரிசையிலும் போடுவதில்லை. நிம்மதி.

சின் அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல். அவர் பெயரை எழுதியதுகூட என் மனத்தை இளக்கத்தானோ என்று தோன்றுகிறது. அப்படியானால் நீ நன்றாகத் தேறியிருக்கிறாய்.

ஷூயிங்

*

பெய்ஜிங், 3 நவம்பர் 2009

ஷூயிங் அக்கா,

முதலாளி சொல்லி எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தால் என் ஆய்வுப் பட்டம் அதோடு சரி. என் சோதனைகள் தோற்றதை அவர் இன்னும் குழுவிடம் சொல்லவே இல்லை. 'உன் கை சரியில்லை, இன்னொரு தடவை செய்' என்கிறார். நீங்களும் அதையே சொல்கிறீர்கள். இருவரும் ஒரே குரலில் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி யோசனை ஓடுகிறது.

குப்பியை நான் உருக்கவில்லை. சரி, நேராகவே பேசுகிறேன்.

2007இல் எலிக் கால்களைப் பார்த்து மதிப்பெண் போட்டவன் நான். எந்த எலி எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எலிகள் குணமானதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் நீங்கள் எண்களை மாற்றி எழுதினீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் போன வாரம் உறைபெட்டியின் அடியில் உங்கள் எலிகளின் ரத்த நீர்க் குப்பிகள் கிடைத்தன. எல்லா எலிகளுக்கும் முட்டை வெள்ளைப் புரதம் ஒரு ஊசி போட்டிருந்தீர்கள், உடம்பு வேற்றுப் பொருளை இன்னும் எதிர்க்கிறதா என்று பார்க்க. அதை யாரும் அளக்காமல் விட்டிருந்தீர்கள். நான் அளந்தேன். தடுப்பூசி போட்ட எட்டு எலிகளிலும் முட்டைக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லை.

இதன் பொருள் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் தடுப்பூசி ஒழுங்காக வேலை செய்தால் மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜனோடு உடம்பு போடும் சண்டை ஒன்று மட்டும்தான் அடங்கவேண்டும். மற்ற எதிரிகள் வந்தால் உடம்பு எழுந்து நிற்கவேண்டும். உங்கள் எலிகளில் எல்லாச் சண்டையும் அடங்கிக் கிடந்தது. அது தடுப்பூசியின் வேலை இல்லை. ஏதோ மருந்தின் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்துக் கூட்டத்துக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குப்பி உங்கள் அலமாரியில் இருந்தது. தடுப்பூசி எலிகளின் தண்ணீரிலும் அதைக் கலந்தீர்களா?

இப்படிக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சின் அத்தை மருந்தை நிறுத்திவிட்டார். நேற்று வாசல் அறையில் அவருக்குத் தேநீர்க் கோப்பையின் மூடியைத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

தாவோ

*

தாய்னிங், 22 நவம்பர் 2009

தாவோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். என் கணவர், 'விடு, ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் கல்லெடுத்தா கை வலிக்கும்' என்றார். அந்த நாயை நான் எலி பிடிக்கப் பழக்கியிருக்கிறேன், அதுதான் வலி என்றேன்.

நான் கலக்கவில்லை. நம்பினால் நம்பு.

நீ கேட்ட நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். அறுபத்தோராம் பக்கத்தைப் பார். எலிகளை அறுத்து உறுப்புகளை எடைபோட்ட நாள். 'தடுப்பூசிக் கூட்டம்: எட்டில் ஆறு எலிகளுக்கு விதைக்கொட்டைகள் சுருங்கியிருக்கின்றன. காரணம் தெரியவில்லை.' சிவப்பு மையில் நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். இதை முதலாளியிடம் காட்டியபோது, 'நாம மூட்டைப் பார்க்கிறோம், எலிக்கு மாப்பிள்ளை பார்க்கல' என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். திருடப் போனவள் தன் காலடித் தடத்துக்குச் சிவப்பு மையில் கோடு போடுவாளா?

இதுவரை எழுதிவிட்டு, கடிதத்தை மூடி மேசைமேல் வைத்திருந்தேன். அது முந்தாநாள். அதில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது: 2007இல் ஞாயிற்றுக்கிழமைகளில் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றியது நீ, அறைச் சாவியும் உன்னிடம் இருந்தது என்று. அந்தத் தாளை எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ஒரு இளைஞன் விந்துப் பரிசோதனைக்கு வந்தான். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன், உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் வெள்ளணுவும் குறைவு. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றேன். 'மூட்டு வலிக்கு இடிச்சாமிக் கொடி வேர்க் கசாயம்க்கா, எங்க மலைல வெளையுது' என்றான். இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் பயிரிடுகிறார்கள். கூடத்து மருத்துவர் சாவகாசமாக, 'நிறுத்து, ஆறு மாசத்துல சரியாயிடும். அது மூட்டையும் அடக்கும், மத்ததையும் அடக்கும்' என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அறுபத்தோராம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நம் கட்டடத்தில் இடிச்சாமிக் கொடிக் கசாயம் குடித்தவர் ஒருவர்தான். எலி வீட்டுப் பின்னறையில், மின்னடுப்பில், தினமும் அதிகாலையில். நாற்றம் தாங்காமல் நாம் சன்னலைத் திறந்து வைப்போமே.

எந்தக் கூண்டு தடுப்பூசிக் கூண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். நான்தான் சொன்னேன். ஒருநாள் கூண்டு கழுவிக்கொண்டே, 'இதுல எதுங்க நெசமான மருந்து?' என்று கேட்டார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: 'கதவோரம் கீழ்த்தட்டு, அத்தை. அதுங்களைப் பத்திரமாப் பாத்துக்குங்க. அதுங்க நடந்தா நீங்களும் நடப்பீங்க.' மதிப்பெண் போடுகிற உன்னிடம் மறைத்தேன். எண்ணை எழுதுகிறவன்தான் தெரிந்துகொள்ளக்கூடாது என்று நினைத்தேன். கூண்டு கழுவுகிறவரை ஒரு ஆளாகவே நான் கணக்கில் வைக்கவில்லை.

போய்க் கேள். விசாரணை மாதிரிக் கேட்காதே.

ஷூயிங்

*

பெய்ஜிங், 6 டிசம்பர் 2009

அக்கா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோட்டு வருவதற்கு முன்பே, வேதியியல் கூடத்து நண்பனின் கருவியில் உங்கள் எலிகளின் ரத்த நீரைக் கொடுத்திருந்தேன். தடுப்பூசிக் கூட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் ஒரு துளிகூட இல்லை. அறிக்கை என்னிடம் இருக்கிறது. நான் உங்கள்மேல் சொன்னது தப்பு.

சின் அத்தையைப் போய்ப் பார்த்தேன். இனிப்புக் கிழங்கு சுட்டது வாங்கிப் போனேன்; அவர் உரிக்க முடியாமல் என்னையே உரிக்கச் சொன்னார். எலிகளுக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

'ஏன், எலி எழுந்து வந்து புகார் குடுத்துச்சா?' என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு அவரே சொன்னார்:

'கொஞ்சம் கசாயம் வெச்சேன். கசப்புன்னு மொகத்த திருப்பிக்கிச்சுங்க, கல்கண்டு போட்டேன். நீங்க எட்டு மணிக்கு வர்றதுக்குள்ள எடுத்துருவேன். என்னடா தப்பு? வண்டி கெளம்பலன்னா ரெண்டு பேரு தள்ளி விடறதில்லையா? நம்ம ஷூயிங்கு பிள்ள ராப்பகலா ஒழைச்சுது. அதுங்க நடந்தாத்தான் மனுசனுக்குப் போடுவாங்கன்னுச்சு. நான் லேசாத் தள்ளி விட்டேன், அவ்வளவுதான். மருந்து நல்ல மருந்துதான?'

எவ்வளவு கசாயம் என்று கேட்டேன்.

'மொதல்ல எனக்குப் பாதி, அதுங்களுக்குப் பாதி. அப்புறம் எட்டுக்கும் பத்தல. எனக்கு எதுக்கு, ஊசி வரப்போவுதேன்னு முழுசும் அதுங்களுக்கே வெச்சேன்.'

அக்கா, நாம் எல்லோரும் அந்தக் குளிர்காலத்தில் அவர் விரல்கள் கோணுவதைப் பார்த்தோம். வயதாகிறது என்று பேசிக்கொண்டோம். அவர் மருந்தை எலி குடித்துக்கொண்டிருந்தது.

தடுப்பூசி ஒன்றும் செய்யாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. பட்டியல் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'நான் ஏழாம் நம்பர்' என்கிறார்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். என் பட்டத் தேர்வு ஜனவரி 20. முதலாளி கையெழுத்துப் போடவேண்டும். இப்போது வாயைத் திறந்தால் இத்தனை வருடப் படிப்பும் போய்விடும். அத்தைக்கும் வேலை போகும். ஒப்பந்த வேலை, கேட்க நாதியில்லை. நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். தேர்வு முடியட்டும், நானே போய்ச் சொல்கிறேன். அதுவரை நீங்கள் குழுவுக்கு எதுவும் எழுதமாட்டீர்கள் என்று நம்பலாமா? பதிலில் ஒரு வரி எழுதினால் போதும்.

தாவோ

*

தாய்னிங், 15 டிசம்பர் 2009

தாவோ,

நீ கேட்ட ஒரு வரி: நம்பாதே.

ஊசி ஜனவரி 11. உன் தேர்வு 20. இடையில் ஒன்பது நாள். அதற்குள் இருபத்து நான்கு பேர் உடம்பில் உன் எலிகளில் இரண்டை மோசமாக்கிய பொருள் ஏறியிருக்கும். நாள்காட்டியைப் பார்க்காமலா எழுதினாய்? பார்த்துத்தான் எழுதினாய். உன்னை எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை, ஆனால் யாராவது முந்திக்கொள்ளட்டும் என்று கதவுக்குப் பின்னால் நிற்பவன்.

முந்திக்கொண்டேன். குழுவுக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். 2007இல் தடுப்பூசி எலிகளின் தண்ணீரில் மெத்தோட்ரெக்சேட் கலந்தது நான் என்று எழுதினேன். முதல் பெயர் கிடைக்கவேண்டும் என்ற ஆசையில் செய்தேன் என்றும் எழுதினேன். நீ என்மேல் போட்ட குற்றம்தான். நன்றாக யோசித்து எழுதியிருந்தாய், ஓட்டையே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. ரத்தம், சிறுநீர் பார்க்கிறவளிடம் யார் வந்து பட்டத்தைப் பிடுங்குவார்கள்? பிடுங்கினாலும் பரவாயில்லை. கீழ்த்தட்டு என்று விரலை நீட்டியது நான்தானே. அத்தைக்கு வேலை நிற்கும். உன் தேர்வும் நடக்கும். நோயாளிகளுக்கு ஊசி போடமாட்டார்கள்.

ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் இல்லை என்று காட்டும் அறிக்கை உன்னிடம் இருக்கிறது. அதைக் கிழித்துப் போடு. என் கடிதங்களையும் கொளுத்திவிடு. அத்தையைக் கசாயத்தை மறுபடி ஆரம்பிக்கச் சொல். காரணம் கேட்டால் ஊசி தள்ளிப்போயிற்று என்று சொல்.

நான் கேட்டதைச் செய்வாயா என்று சந்தேகமாக இருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டே பழகிவிட்டேன்.

ஷூயிங்

*

பெய்ஜிங், 2 ஜனவரி 2010

அக்கா,

சோதனையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி எல்லோரையும் கூட்டிவைத்து உங்கள் கடிதத்தைப் படித்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, நிம்மதியும் இருந்தது. 'அன்னைக்கே தெரியும், அந்தப் பொண்ணுக்குப் பேராசை' என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மூன்று நாள் சும்மா இருந்தேன். அறிக்கையைக் கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை. குழுவுக்கு அனுப்ப உறையில் போட்டேன், அனுப்பவும் இல்லை. நீங்கள் சொன்னது சரிதான், நான் கதவுக்குப் பின்னால் நிற்பவன்தான்.

நாலாம் நாள் அத்தை மூன்று மாடி ஏறி என் மேசைக்கு வந்தார். மின்தூக்கிப் பொத்தானை அழுத்த முடியாமல் படியில் வந்திருக்கிறார். வாசல் அறையில் உட்கார்ந்தால் எல்லாப் பேச்சும் காதில் விழும் அல்லவா.

'அந்தப் பிள்ள மருந்து கலந்துச்சுன்னு பேசிக்கிறாங்களே. எந்த மருந்து? கலந்தது நான்தான?'

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தடுப்பூசியால் எலி குணமாகவில்லை, உங்கள் கசாயத்தால்தான் குணமானது என்றும் சொன்னேன்.

தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, 'அப்ப எனக்கான மருந்து என் கையிலதான் இருந்துச்சா' என்றார். பைக்குள்ளிருந்து பட்டியல் அட்டையை எடுக்க முயன்றார். விரல் உள்ளே போகவில்லை. என்னை எடுக்கச் சொல்லி, மேசைமேல் வைக்கச் சொன்னார்.

வேலை போகும் அத்தை, அக்கா உங்களைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்று கெஞ்சினேன்.

'என்ன வேல? கதவத் தொறக்கிற வேல. எனக்குக் கதவே தொறக்க வரல, வேல எத்தன நாளைக்கு? நான் ஒருத்தி தெரியாமத் தள்ளி விட்டதுக்கு அந்தப் பிள்ள திருடின்னு பட்டம் வாங்கணுமா? எழுதுடா, நான் சொல்றேன். அவ கீழ்த்தட்டுன்னு சொன்னதையும் எழுது. அதையும் மறைச்சா அப்புறம் எதையும் எவனும் நம்பமாட்டான்.'

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. என் மூன்று தோல்விகளையும் கருவி அறிக்கையையும் இணைத்து, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி இனி என் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போடமாட்டார்.

அத்தையால் பேனா பிடிக்க முடியவில்லை. சிவப்பு மை அட்டையைத் திறந்து கைநாட்டு வைக்கச் சொன்னேன். கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது, நிமிரவில்லை. நான்தான் அதைப் பிடித்து நிமிர்த்தினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். விடட்டுமா என்று கேட்டேன்.

'விடாத, நல்லா அழுத்து,' என்றார்.

தாவோ